புபாய் ஓடவில்லை

புபாய் தன் இரட்டை மிதியைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். கொல்கத்தாவில், பெஹாலாவில், நாங்கள் பயிற்சி செய்யும் அறை அது. சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை நிறுத்தி வைத்திருந்தோம். மழை முடிந்து பல நாட்கள் ஆகியும் அவற்றிலிருந்து ஈரச் சாக்கு வாசனை வந்துகொண்டிருந்தது.

டிரம்ஸில் தரையோடு இருக்கும் பெரிய முரசைக் காலால் அடிப்பதற்கு ஒரு மிதி உண்டு. சாதாரணமாக ஒற்றைக் காலுக்கு ஒன்று. வேகமாக வாசிக்கிறவர்கள் இரண்டு காலுக்கும் வைத்துக்கொள்வார்கள். எங்கள் பேண்டின் வேகம் முழுவதும் புபாயின் அந்த இரண்டு கால்களில்தான் இருந்தது. அதைத்தான் அவன் ஒரு சின்னச் சாவியால் திருகித் திருகிக் கழற்றி, சிவப்புக் கட்டம் போட்ட கம்சாத் துண்டில், குழந்தையைச் சுற்றுவது போலச் சுற்றினான்.

அர்க்கோ கிடாருக்குச் சுருதி சேர்த்தான். ஏற்கெனவே சேர்ந்திருந்த சுருதி. நான் மடியில் பேஸ் கிடாரை வைத்துக்கொண்டு, போனைப் பார்ப்பது போல உட்கார்ந்திருந்தேன். குழந்தை மீனு கிச்சடி சாப்பிட்டாளா என்று கணவருக்கு அனுப்பிய கேள்விக்குப் பதில் வந்திருந்தது. அதையே நான்காவது முறையாகப் படித்தேன்.

புபாய் ஏன் பேண்டை விட்டுப் போகிறான் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். புபாய்க்குத் தெரியாது.

ஒரு வாசகியின் கேள்வி

இந்தப் பத்தியில் மீனு பிறந்த கதையைப் படித்துவிட்டு, சேலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு ராக் பேண்டில் எப்படி வாசித்தீர்கள், உங்கள் மன உறுதியைப் பாராட்டுகிறேன் என்று.

அந்தக் கடிதத்தை இரண்டு நாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தேன். பிறகு எடுத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் நான் வாசிக்கவில்லை. வாசிக்கிற மாதிரி காட்டிக்கொண்டிருந்தேன். இந்த வாரம் அதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

பெங்களூருக்குப் போகாதவள்

எங்கள் பேண்டின் பெயர் ‘ஷொதெரோ நம்பர்’. பதினேழாம் நம்பர் என்று அர்த்தம். அந்தப் பயிற்சி அறை இருக்கும் வீட்டின் கதவிலக்கம், அவ்வளவுதான். பேட்டி எடுக்க வருகிறவர்களிடம் அர்க்கோ வேறு ஆழமான காரணங்கள் சொல்வான்.

பாடுவதும் கிடாரும் அர்க்கோ. டிரம்ஸ் புபாய். ஆறடி உயரம், தொண்ணூறு கிலோ. வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரே ஊர் முழுக்க நிலைத்துவிட்டது. என்னைவிட இரண்டு வயது இளையவன் என்பதால் என்னை ‘நித்யாதி’ என்பான். அந்தத் ‘தி’ இங்கே அக்கா. எங்களுக்குள் பேச்சு வங்காளத்தில்தான், நடுநடுவே ஆங்கிலம். இங்கே தமிழில் எழுதும்போது அவர்கள் இருவரும் கொஞ்சம் மரியாதைக்காரர்களாகத் தெரிகிறார்கள். மன்னிக்கவும்.

நான் இதற்குள் வந்தது தற்செயல். ஜாதவ்பூரில் படித்துக்கொண்டிருந்தபோது, அவர்களுடைய பேஸ் கிடாரிஸ்ட் வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போனான். அடுத்து வந்தவனும் பெங்களூருக்குப் போனான். மூன்றாமவன் சேர்ந்த அன்றே, இரண்டு நிறுவனங்களில் நேர்காணல் இருக்கிறது என்று சொல்லிவிட்டான். நான் சின்ன வயதில் ஐந்து வருடம் வீணை படித்தவள் என்று யாரோ அர்க்கோவிடம் சொல்ல, அவன் கேண்டீனில் வந்து என் முன்னால் உட்கார்ந்து முதலில் கேட்ட கேள்வி, “நீ தெற்குப் பக்கம் திரும்பிப் போற யோசனை ஏதாவது இருக்கா?”

இல்லை என்றேன். அப்பா தூத்துக்குடியிலிருந்து இங்கே துறைமுக வேலைக்கு வந்தவர். நான் பிறந்தது பெஹாலா குவார்ட்டர்ஸில். ஓய்வு பெற்றதும் அப்பாவும் அம்மாவும் ஊருக்குப் போனார்கள். நான் போகவில்லை. கல்யாணமும் இங்கேயே துறைமுக அலுவலகத்தில் இருக்கும் ரமணனோடு நடந்தது. தெற்கிலிருந்து வந்த குடும்பத்துப் பெண்தான் கடைசியில் கொல்கத்தாவை விட்டு நகராத ஒரே பேஸ் கிடாரிஸ்ட் என்று புபாய் எல்லா மேடையிலும் சொல்வான். எல்லா மேடையிலும் சிரிப்பார்கள்.

பேஸ் கிடாரையும் டிரம்ஸையும் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே நொடியில் விழ வேண்டும். புபாயின் வலது கால் முரசில் படும்போது என் விரல் தந்தியில் பட்டிருக்க வேண்டும். கேட்கிறவர்களுக்கு அது இரண்டு சத்தமாகத் தெரியாது. வயிற்றில் ஒரே இடி. இதைக் கற்றுக்கொள்ள எங்களுக்கு மூன்று வருடம் ஆனது. அதன் பிறகு நான் புபாயைப் பார்த்து வாசித்ததே இல்லை. அவன் மூச்சு வாங்குவது காதில் விழும், அது போதும்.

மூன்று மாதம் என்று சொன்னேன்

கர்ப்பமாக இருப்பதைச் சொன்னபோது அர்க்கோ என்னைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினான். பிறகு பத்து நிமிடம் கழித்து, ரொம்பத் தயங்கி, அப்ப நம்ம அடுத்த ஆல்பம் என்றான்.

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நானாகத்தான் சொன்னேன். மூன்று மாதம் கொடுங்கள், போன மாதிரியே திரும்பி வருவேன். ‘போன மாதிரியே’ என்று ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் காய்ச்சலோடு போய்த் தேர்வு எழுதியவள் நான். எதையாவது கேட்டால் கேட்டதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஒப்புக்கொள்கிற பழக்கம்.

மூன்று மாதம் நான்காகி, ரமணன் ஞாயிறு காலைகளில் மீனுவைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடானது. டாக்குரியாவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து தோளில் பேஸும் கையில் பால் எடுக்கும் பம்ப்பும் வைத்த பையுமாகக் கிளம்பினேன். வாசலில் செருப்பு மாட்டும்போதே, விட்டுவிட்டுப் போகிறேனே என்றிருந்தது. பெஹாலா வந்து சேரும்போது, இத்தனை தாமதமாக வருகிறேனே என்றிருந்தது. இரண்டு குற்ற உணர்ச்சிக்கும் நடுவில் ஒரு மணி நேர பஸ் பயணம்.

கட்டைவிரல்

முதலில் வலித்தது மீனுவைக் குளிக்க வைக்கும்போது. இடது மணிக்கட்டில், கட்டைவிரலின் அடியில், கம்பி இழுப்பது போல. பிறகு பாட்டில் மூடி திறக்கும்போது. பிறகு சும்மா இருக்கும்போதும்.

டாக்டர் சொன்ன பெயர் வாயில் நுழையவில்லை. புதுத் தாய்மார்களுக்கு வருவதுதான், குழந்தையின் தலையைத் தாங்கித் தாங்கித் தூக்குவதால் தசைநாண் உறை வீங்கிவிடும் என்றார். ஒரு கட்டுப்பட்டை கொடுத்து, கையை அசைக்காதீர்கள் என்றார். அடுத்த வரியிலேயே, குழந்தைக்குத் தாய்ப்பால்தானே, நன்றாகத் தூக்கிப் பிடித்துக் கொடுங்கள் என்றார். இரண்டையும் எப்படிச் செய்வது என்று கேட்கத் தோன்றவில்லை. சரி டாக்டர் என்றேன்.

பேஸ் கிடாரில் தந்தியை அழுத்தும் கை இடது கை. எங்கள் பழைய பாட்டுகள் எல்லாம் அசுர வேகம். ‘தாராதலா’ என்ற பாட்டுக்கு நிமிடத்துக்கு நூற்று எழுபத்தாறு தட்டு. அந்த வேகத்தில் என் கட்டைவிரல் இரண்டாவது சரணத்துக்குள் மரத்துவிடும். நின்றுவிட மாட்டேன், ஆனால் பிந்துவேன். ஒரு மயிரிழை. கேட்கிறவர்களுக்குத் தெரியாத அளவு.

அர்க்கோவுக்குத் தெரிந்தது. பயிற்சியைப் போனில் பதிவு செய்து கேட்டுவிட்டு முகம் சுளித்தான். “டிரம்ஸும் பேஸும் ஒட்டலை. புபாய், ஓடுற.”

ஓடுகிறாய் என்றால் தாளத்துக்கு முன்னால் போகிறாய் என்று பொருள். டிரம்ஸ் வாசிக்கிறவனிடம் சொல்லக்கூடியதில் மோசமானது அது. புபாய் என்னைத் திரும்பிப் பார்த்தான். குற்றம் சொல்லும் பார்வை இல்லை. அப்படியா, ஓடினேனா என்று கேட்கும் பார்வை.

நான் குனிந்து பேஸின் வாரைச் சரிசெய்தேன்.

அடுத்த ஞாயிறும் ஓடுற என்றான். அதற்கடுத்த ஞாயிறும். ஒரு நாள் ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது புபாய் தன் முழங்காலைத் தட்டிக்கொண்டே, “நித்யாதி, என் கால் போயிடுச்சுபோல. வீட்ல தலையணையை வெச்சு அடிச்சுப் பார்க்கறேன், சரியா வருது. இங்க வந்தா ஓடுது” என்றான்.

“உனக்கும் வயசாகுதுல்ல” என்றேன்.

வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவனும் சிரித்தான். அடுத்த வாரம் எலும்பு டாக்டரிடம் முழங்காலைக் காட்டிவிட்டு வந்திருந்தான்.

வீட்டில் ரமணன், சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று ஒருமுறை கேட்டார். என் இடத்துக்கு வேறு ஆள் வருவான் என்றேன். “வரட்டும், கை சரியானதும் நீ திரும்பப் போ” என்றார். அலுவலகத்தில் அப்படித்தான் நடக்கும் போலிருக்கிறது. அம்மாவிடம் போனில் வலியைச் சொன்னதே தவறாகிவிட்டது. “அந்தக் கிடாரு அம்மி மாதிரி கனக்குன்னு நீதான சொல்லுத. அதக் கழுத்துல மாட்டிட்டு நிக்கணும்னு எவன்ட்டி அழுதான்?” என்றாள். யாரும் அழவில்லை என்பதுதான் பிரச்சினை.

அனுப்பக் கூடாத கோப்பு

அந்த வருட மழையில் பெஹாலா வழக்கம்போலத் தண்ணீரில் நின்றது. பதினேழாம் நம்பர் வீட்டுக்கு முழங்கால் தண்ணீரில் போக வேண்டும். மூன்று வாரம் பயிற்சி இல்லை. அவரவர் பகுதியை வீட்டிலிருந்தே பதிவு செய்து குழுவில் அனுப்புங்கள், புது ஆல்பத்துக்கு வரைவுகள் தயாராகட்டும் என்றான் அர்க்கோ.

எனக்கு அது தப்பிக்கும் வழியாகத் தெரிந்தது. போனில் ஒரு செயலி இருக்கிறது. பாட்டின் வேகத்தை எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம். அர்க்கோ அனுப்பிய பாட்டை முக்கால் வேகத்துக்கும் கீழே இறக்கி, அதன் மேல் நிதானமாக என் பேஸைப் பதிவு செய்வது. பிறகு மொத்தத்தையும் பழைய வேகத்துக்கு ஏற்றி அனுப்பிவிடுவது. யாருக்கும் தெரியாது. ஏமாற்று வேலைதான். அப்போது அதற்கு ‘தற்காலிக ஏற்பாடு’ என்று பெயர் வைத்திருந்தேன்.

மீனு மதியம் தூங்கும் நாற்பது நிமிடத்தில் பதிவு செய்தேன். வேகம் குறையும்போது சுருதியும் சேர்ந்து இறங்கிவிட்டதைக் கவனித்தேன். அர்க்கோவின் குரல் யாரோ பெரியவர் கிணற்றடியிலிருந்து பேசுவது போல இருந்தது. கிடாரின் அலறல், தூரத்தில் ரயில் போகும் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. அதன் மேல் நானும் தந்தியைத் தளர்த்தி, வலிக்காத அளவுக்கு ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் நிறைய இடம் விட்டு வாசித்தேன். முடிக்கும்போது மீனு எழுந்து அழுதாள். ஒரு கையால் அவளைத் தூக்கிக்கொண்டு மறு கையால் அனுப்பினேன்.

வேகத்தை ஏற்றாத கோப்பு போய்விட்டது. டயப்பர் மாற்றிவிட்டுத் திரும்பி வந்து பார்ப்பதற்குள் இருவரும் கேட்டுவிட்டார்கள்.

அர்க்கோ குரல் செய்தி அனுப்பியிருந்தான். அதைத் திறக்கவே பயமாக இருந்தது. மீனுவை இடுப்பில் வைத்துக்கொண்டு திறந்தேன்.

“நித்யா, இதுதான். நாம எட்டு வருஷமா கத்திட்டு இருந்திருக்கோம். இதுதான் ஆல்பம்.”

நான் பதிலுக்கு ஒரு புன்னகைப் பொம்மை அனுப்பினேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு பாட்டும் அந்த வேகத்துக்கு இறங்கியது. அர்க்கோ கிடாரின் இரைச்சலைக் குறைத்தான். அடித்தொண்டையில் பாடினான், அது நன்றாகவும் இருந்தது. ஒரு இணைய இதழ்க்காரர் வந்தபோது, இந்த நகரத்தின் களைப்பைப் பாட வேண்டும் என்று எங்கள் நித்யாவுக்குத்தான் முதலில் தோன்றியது என்றான். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். பைக்குள் கட்டுப்பட்டை இருந்தது.

புபாய் மட்டும் புதுப் பாட்டுகளில் தொலைந்து போனான். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே அத்தனை இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் முன்னாலேயே அடித்துவிடுவான். அர்க்கோ இப்போது ஓடுற என்று சொல்வதைக்கூட நிறுத்திவிட்டான். பெருமூச்சு மட்டும் விடுவான்.

மறுபடி அந்த ஞாயிறு

இரட்டை மிதியைச் சுற்றிப் பையில் போட்ட புபாய், குச்சிகளைத் தேடினான். என் நாற்காலிக்குக் கீழே ஒன்று கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

“கோவிச்சுட்டுப் போகலை” என்றான், அர்க்கோவுக்குக் கேட்கிற மாதிரி. “வேகத்துல ஓடறேன்னீங்க. சரி. மெதுவாவும் ஓடறேன். அப்ப கோளாறு எங்கிட்டதான். மெதுவா வாசிக்கத் தெரிஞ்ச யாரையாவது கூப்பிடுங்க. ஆல்பம் கெடக் கூடாது.”

அர்க்கோ நிமிர்ந்தான். இரு என்று சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் சொன்னது, “டிரம்ஸ் செட்டை எப்ப எடுத்துக்கறே?”

புபாய் கதவருகே போய்விட்டான். அப்போதும் நான் எழுந்திருக்கவில்லை என்பதை எழுதியாக வேண்டும். இந்த ஆல்பம் முடியட்டும், அதற்குள் கை சரியாகிவிடும், பிறகு அவனை நானே திரும்ப அழைத்து வருவேன் என்று ஒரு கணக்கு மனதில் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல கணக்காகக்கூடத் தோன்றியது.

அவன் செருப்பை மாட்டக் குனிந்தபோது, முழங்காலில் உறை போட்டிருப்பது கால்சட்டைக்கு மேலே புடைத்துத் தெரிந்தது. எலும்பு டாக்டர் கொடுத்தது. ஒன்றும் ஆகாத காலுக்கு.

“நீ ஓடலை” என்றேன்.

சத்தம் வரவில்லை போலிருக்கிறது. மறுபடி சொன்னேன்.

“நீ ஓடலை, புபாய். பழைய பாட்டுகள்ல ஒரு நாள்கூட. நான்தான் பின்னால விழுந்தேன்.”

பையைத் திறந்து கட்டுப்பட்டையை எடுத்து ஆம்ப்ளிஃபையர் மேல் வைத்தேன். டயப்பருக்கும் துடைக்கும் துணிக்கும் நடுவில் இருந்ததால் அதில் பவுடர் ஒட்டியிருந்தது. கையைப் பற்றிச் சொன்னேன். செயலியைப் பற்றிச் சொன்னேன். களைப்பு நகரத்தினுடையது அல்ல, என்னுடையது என்று சொன்னேன். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஏழு மாதம் தூக்கித் திரிந்ததைச் சொல்ல அவ்வளவு குறைந்த நேரம் போதும் என்பதே அவமானமாக இருந்தது.

அர்க்கோவுக்கு முதலில் வந்தது சிரிப்பு. பிறகு, பேட்டி வெளியாகிவிட்டதே என்றான்.

புபாய் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

“எட்டு வருஷமா உன் பக்கத்துல உட்கார்ந்து வாசிக்கறேன். கை வலிக்குதுன்னா நான் வேகத்தைக் குறைச்சிருப்பேன். இவன்கிட்டக்கூடச் சொல்லியிருக்க மாட்டேன்.” பையைக் கீழே வைத்தான். “ஆட்டோவுல வயசாகுதுன்னியே நித்யாதி.”



அவன் பையைப் பிரித்தான். கம்சாவை விரித்து மிதியை எடுத்து, சாவியால் ஒவ்வொரு திருகாக மறுபடி மாட்டினான். டிக் டிக் என்று தாளம் காட்டும் மெட்ரோனோம் கருவியை நூற்று எழுபத்தாறில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டான். ‘தாராதலா’வைத் தனியாக வாசித்தான். பாட்டு இல்லை, கிடார் இல்லை, பேஸ் இல்லை. முழுப் பாட்டும். கருவியின் டிக் சத்தம் எங்களுக்குக் கேட்கவே இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு டிக்கின் மேலும் அவன் கால் சரியாக விழுந்து அதை மூடியது. ஒன்றுகூடத் தப்பித்து வெளியே வரவில்லை.

முடித்துவிட்டு முகத்தைத் துடைத்தான். கால்சட்டையைச் சுருட்டி முழங்கால் உறையைக் கழற்றி எறிந்தான். பிறகு மறுபடி குனிந்து இரட்டை மிதியைக் கழற்றி, ஒற்றை மிதியை மாட்டினான்.

“இப்ப புதுப் பாட்டை எடு” என்றான் அர்க்கோவிடம். “மெதுவா வாசிக்கறேன். வேகமும் எனக்கு முடியுது, அதனாலதான் வாசிக்கறேன்.”

அன்றைக்குத்தான் அந்த ஆல்பம் உண்மையில் தொடங்கியது என்று நினைக்கிறேன். தட்டுக்கு நடுவில் இருந்த இடத்தைப் பார்த்து அவன் பயப்படவில்லை. அங்கே சும்மா இருந்தான். நான் கட்டுப்பட்டையைப் போட்டுக்கொண்டே வாசித்தேன்.

“கை?”

அதற்குப் பிறகு ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் புபாய் ஒரே சொல்லைக் கேட்பான். “கை?” நான் உள்ளதைச் சொல்ல வேண்டும். அதுதான் ஏற்பாடு. என்னை மன்னித்துவிட்டானா என்று கேட்டதில்லை. என்னோடு பேசுவதில் ஏதோ ஒன்று குறைந்திருக்கிறதா, அல்லது நான்தான் அப்படித் தேடுகிறேனா என்று இன்றும் பஸ்ஸில் வரும்போது யோசிக்கிறேன்.

ஆல்பம் வந்தது. முதிர்ச்சி என்று சிலர் எழுதினார்கள். குழந்தை பெற்றதும் பேண்டையே தூங்க வைத்துவிட்டாள் என்று ஒரு ரசிகர் எழுதினார். அதை மட்டும் மனப்பாடமாக வைத்திருக்கிறேன்.

வெளியீட்டு நிகழ்ச்சி ஜாதவ்பூரில், ஒரு சின்ன அரங்கில், மாலை ஆறு மணிக்கு. ரமணன் மீனுவுக்குக் காது மூடி மாட்டிப் பின்வரிசையில் வைத்திருந்தார். புதுப் பாட்டுகளை அமைதியாகக் கேட்டார்கள். பாதிப் பேருக்குப் பிடித்தது. மீதிப் பேர் கடைசிவரை பொறுத்துக்கொண்டு, முடிந்ததும் ஒரே குரலில் ‘தாராதலா’ என்று கத்தத் தொடங்கினார்கள். நிறுத்தவில்லை.

அர்க்கோ எங்களைத் திரும்பிப் பார்த்தான். புபாய் என்னைப் பார்த்தான். அவன் காலடியில் அன்றைக்கு இரட்டை மிதி இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

“கை?”

மீனுவை அன்று காலையிலிருந்து எத்தனை முறை தூக்கினேன் என்று நினைத்துப் பார்த்தேன். “நாலு நிமிஷம் தாங்கும்” என்றேன்.

பாட்டு நாலரை நிமிடம். அது அவனுக்கும் தெரியும்.

குச்சிகளைத் தட்டி எண்ணினான். முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது, இது நூற்று எழுபத்தாறு இல்லை, அதற்கும் மேலே; நாலரையை நாலுக்குள் அடக்குகிற வேகம். வேகம் கூடினால் மணிக்கட்டுக்கு இன்னும் கஷ்டம் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. பாட்டுக்கு நடுவில் என்னாலும் சொல்ல முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு அவன் மூச்சைக் கேட்டு வாசித்தேன். அர்க்கோ வரிகளை விழுங்கி விழுங்கிப் பாடினான். கூட்டம் குதித்தது. கட்டைவிரல் மரக்கத் தொடங்கிய இடத்தில் பாட்டு முடிந்துவிட்டது.

இறங்கும்போது அர்க்கோ மூச்சு வாங்கியபடி சொன்னான். “புபாய், இன்னைக்கு ஓடிட்டே.”

புபாய் மிதியைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

“ஆமா” என்றான். “ஓடினேன்.”